இரண்டு அண்ணிகள், ஒரு சாக்குத் தூள்

மதிவதனி எனக்கு அண்ணி. நான் அவளுக்கு அண்ணி. கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். எங்களுக்குச் சுற்றிச் சுற்றிப் பழகிவிட்டது. என் அண்ணன் டில்லிபாபுவுக்கு அவளைக் கட்டினார்கள், அவளுடைய அண்ணன் கண்ணப்பனுக்கு என்னைக் கட்டினார்கள். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், ஒரே மேளம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இரண்டு பக்கமும் அடங்கி இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அடங்கி இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்த மாதிரிக் கல்யாணத்தில் ஒரு சட்டம் உண்டு. அங்கே நடப்பது இங்கேயும் நடக்க வேண்டும். ஒரு தீபாவளிக்கு அண்ணன் அவளுக்குப் புடவை எடுக்கவில்லை. உடனே என் வீட்டுக்காரர் எனக்கு எடுத்து வைத்திருந்த புடவையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அவள் ஒருமுறை கோபித்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாளே என்னை அண்ணன் வீட்டுக்கு, குன்றத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு யார் மேலும் கோபமே இல்லாத நாள் அது. அங்கே அவளுக்கு அறை விழுந்தது என்று சேதி வந்தால், நான் கையில் இருக்கும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நகர்ந்துகொள்வேன். கண்ணப்பன் கெட்டவர் இல்லை. அடித்து முடித்துவிட்டு, "உங்க அண்ணனாலதான்" என்பார். அடியைவிட அதுதான் எனக்கு அதிகம் வலிக்கும்.

எங்கள் டீக்கடை பெங்களூர் ரோட்டில் இருந்தது. எதிரே போன வருஷம் வரை நாற்று நட்ட நிலத்தில் ஒரு கம்பெனி எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனார், லாரிக்காரர், காவல்காரர் எல்லோருக்கும் எங்கள் டீதான். அது தொண்ணூற்றொன்று. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். மற்றபடி எல்லோரும் வழக்கம்போல டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

டீத் தூள் அண்ணன் கொடுப்பது. குன்றத்தூரில் வீட்டிலேயே பாக்கெட் போட்டு, பச்சைக்கிளிப் படம் ஒட்டி, ரோட்டுக் கடைகளுக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்தான். அவனுடைய ஆள் தாவீது வாரா வாரம் சைக்கிளில் வருவார். பாக்கெட்டுகளை இறக்கிவிட்டு, டிகாஷன் பையில் வடிந்து கிடக்கும் பழைய தூளைச் சாக்கில் வாங்கிக்கொண்டு போவார். ரோஜாச் செடிக்கு எரு என்று அண்ணன் சொல்லியிருந்தான். நானும் அதை நிழலில் பரப்பி, ஈரம் போக்கி, பீடித் துண்டையும் இஞ்சிச் சக்கையையும் பொறுக்கி எறிந்துவிட்டு, சாக்கின் வாயை என் பழைய நீலப் புடவைக் கரையால் இறுக்கிக் கட்டி வைப்பேன். பிறந்த வீட்டு ரோஜா ஆயிற்றே.

ஆடி பிறந்ததும் தூளின் நிறம் மாறியது. டீ செக்கச்செவேல் என்று இறங்கியது. கடைக்கு வந்தவர்கள் கொண்டாடினார்கள்.

"டீன்னா இது டீ அண்ணி! பாத்தாலே தூக்கம் போவுது," என்றார் ஒரு லாரிக்காரர்.

நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கண்ணுக்கு டீ, நாக்குக்கு வெந்நீர்.

கடை ரேடியோவில் மத்தியானம் மகளிர் நிகழ்ச்சி வரும். ஒரு நாள் ஒரு அம்மா நல்ல தேயிலை வாங்குவது எப்படி என்று பேசினார். நனைத்த வெள்ளைத் துணியில் தூளைத் தூவினால் நல்ல தூள் சும்மா கிடக்கும், சாயம் போட்ட தூள் சுற்றிலும் சிவப்பாகக் கசியும் என்றார். பச்சைத் தண்ணீரில் போட்டாலே நிறம் இறங்கினால் அதை நம்பாதீர்கள் என்றார். "இந்தம்மா வூட்ல காபிதான் குடிக்கும்," என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் பாட்டு வைத்தார்.

அவர் பால் வாங்கப் போன நேரத்தில் நான் செய்து பார்த்தேன். அவருடைய கிழிந்த வேட்டியில் ஒரு துண்டை நனைத்து விரித்து, கிளிப் பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை தூவினேன். இரண்டு கிளாஸ் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் சிவப்பு வட்டம். பச்சைத் தண்ணீர் கிளாஸில் போட்டேன். நூல் நூலாகச் சிவப்பு இறங்கியது. என் அண்ணன் எனக்கே இதைக் கொடுத்திருக்கிறான்.

யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு குன்றத்தூர் போய் என் அண்ணன் சட்டையைப் பிடிப்பார். அவர் திரும்பியதும் அண்ணன் மதிவதனியைப் பிடிப்பான். அந்தச் சேதி இங்கே வந்ததும் நான் சுவர் ஓரம் போக வேண்டும். அவள் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். மெல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. அந்தத் துணியை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆனால் தெரிந்துகொண்ட பிறகு அந்த டீயை ஆற்றிக் கொடுக்கக் கை கூசியது. மறுநாள் தேரடிப் பக்கம் கோபால் ஸ்டோருக்குப் போனேன். உதிரித் தூள் வேண்டும், டப்பாவைத் திறந்து காட்டுங்கள் என்றேன். உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கி விரலால் தேய்த்தேன். விரலில் நிறம் ஒட்டியது. வேண்டாம் என்றேன். அடுத்த டப்பாவில் பாதிக்கு மேல் நாரும் குச்சியும். அதுவும் வேண்டாம். மூன்றாவதில் வாசனையே இல்லை, பழைய சாக்கு நாற்றம்தான் வந்தது. நான் கொண்டு போயிருந்த ஈரத் துண்டைக் கல்லாப் பெட்டிமேல் விரித்ததும் கோபால் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, டீத் தூளுக்குப் பொண்ணு பாக்க வந்தியா?"

"எனக்கு மாப்ள பாத்தவங்க இதுல பாதி பாத்திருந்தாக்கூட நான் இந்த ஊர்ல நின்னுக்கினு இருக்க மாட்டேன். நல்லதா எடுங்க."

அவர் கீழ்த் தட்டிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். "நீலகிரித் தூளு. யாரும் கேக்கறதில்ல. கலர் கம்மிம்மா, அப்புறம் என்னத் திட்டக் கூடாது."

மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. கருத்து, ஒரே அளவாக, மணல் போல உதிர்ந்தது. ஈரத் துண்டில் தூவிவிட்டு நான் காத்திருந்தேன். அது கிடந்த இடத்தில் கிடந்தது, ஒரு பொட்டுக் கசியவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமான பிறகு நானாகப் பார்த்து, நானாகத் தேர்ந்தெடுத்து வாங்கிய முதல் பொருள் அதுதான்.

அதைக் கிளிப் பாக்கெட்டில் போட்டு வைத்து மறுநாள் டீ போட்டேன். கொத்தனார் ஒருவர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னா அண்ணி, டீ வெளுத்துக்கினு கீது? தூளு தீந்துடுச்சா?"

"குடிச்சுப் பாருங்க."

"குடிச்சாச்சு. சப்புனு கீது." பாதியை ரோட்டில் ஊற்றிவிட்டுப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாவிகளா, சாயத்தைக் குடித்துக் குடித்து நாக்கே செத்துவிட்டதா உங்களுக்கு? அப்படிக் கேட்க முடியுமா? கேட்டால் என்ன சாயம் என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பால ஜாஸ்தி ஊத்தற. மச்சான் தூள ஒழுங்கா போட்டா போதாதா?" சில நாள் தாக்குப் பிடித்தேன். ஆட்கள் ஒவ்வொருவராகப் பக்கத்துக் கடைக்கு நகர ஆரம்பித்ததும் கிளித் தூளுக்கே திரும்பினேன். "இப்ப பாரு, கை பதம் வந்துடுச்சு," என்று அவர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது. நல்ல தூள் டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

ஏழாம் மாதம் மதிவதனிக்கு வளைகாப்பு வந்தது. பெண்ணைப் பெற்ற பக்கம் என்பதால் நாங்கள் வளையலும் சித்திரான்னமும் சீர்த் தட்டும் எடுத்துக்கொண்டு குன்றத்தூருக்குப் போனோம். வளையல் போட்டதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் எங்கள் பக்கத்து முறை. அண்ணன் முன்னாடியே சொல்லி அனுப்பிவிட்டான்: ஒன்பதாம் மாதம்தான் அனுப்புவேன், இப்போது வீட்டில் வேலை இருக்கிறது.

என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. வளையல் தட்டை இறக்கி வைத்துவிட்டு, அண்ணியைக் காணோமே என்று மாடிக்கு ஏறினேன்.

மாடி முழுக்க பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் பழைய டீத் தூள் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அலுமினிய அண்டாவில் சிவப்புத் தண்ணீர். சுவரை ஒட்டி சாக்குகள். முதல் சாக்கின் வாயில் நீலப் புடவைக் கரை கட்டியிருந்தது. என் முடிச்சு.

நான் பொறுக்கிச் சுத்தம் செய்து அனுப்பிய தூள்தான் சாயத்தில் முங்கி, காய்ந்து, கிளிப் படம் ஒட்டிக்கொண்டு, திரும்ப என் கடைக்கே வந்திருக்கிறது. ஆற்றி ஆற்றி ஊற்றியது அதைத்தான். ரோஜாவாம் ரோஜா! அந்த வீட்டில் ஒரு துளசிச் செடிகூட இல்லை.

மதிவதனி அண்டாவுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கைகளைப் புடவைக்குள் மறைத்தாள்.

"அண்ணி, நீங்க இன்னாத்துக்கு மேல வந்தீங்கோ?"

"இது எங்க கடை சாக்குதானே?"

"ஆமா அண்ணி. உங்க சாக்குதான் எப்பவும் சுத்தமா இருக்கும். மத்ததுல ஈ, பீடி எல்லாம் கெடக்கும்." அவள் மனதார மெச்சித்தான் சொன்னாள்.

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வரை செங்கல் நிறம். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கீழே வந்திருப்பவர்கள் பார்க்கக் கூடாது என்று அதன்மேல் மருதாணி பூசி எடுத்திருந்தாள்.

"எரியுதா?"

"எரிச்சல் பழகிடுச்சு. சோறு துன்னா கசக்குது, அதான். புள்ளைக்கு எதுனா ஆயிடுமோன்னு பயமா கீது அண்ணி." அப்புறம் அவசரமாகச் சொன்னாள்: "எங்க அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்கோ. அண்ணன் இவர அடிக்கும், இவரு என்ன அடிப்பாரு. அப்பால உங்க மொறை."

அவளுக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம். கீழே இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "இன்னிக்கே என்ன இட்டுகினு போக முடியாதா அண்ணி?"

அவளை மணையில் உட்கார வைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். செல்லம்மாள் சித்தி அவள் கையை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

"மருதாணி எப்படிச் செவந்துகீது பாருங்கடி! புருஷன் உசுரையே வெச்சிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். வாசற்படியில் நின்ற என் அண்ணன், பரிசு வாங்குகிறவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. யோசித்துச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சீர்த் தட்டில் இருந்த புது வெள்ளைத் துண்டை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் முக்கினேன். கையில் பூசிய சந்தனத்தைத் துடைப்பது போல அவளுடைய இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்து, துண்டை எல்லோருக்கும் நடுவில் விரித்தேன்.

துண்டு சிவந்து கிடந்தது. சிரிப்பு நின்றது.

"மருதாணி தண்ணி பட்டா போவாதேடி," என்றாள் சித்தி.

"போவாது சித்தி. நல்ல மருதாணியும் போவாது. நல்ல டீத் தூளும் போவாது."

என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து உள்ளே வந்தார். துண்டை எடுத்து முகர்ந்தார். காலம் முழுக்க டிகாஷன் பையோடு நின்றவர். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கையின் வெடித்த விரல்களைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார்.

"மச்சான், எங்க மதி கைய இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"வூட்டு வேல செஞ்சா கை அழுக்காவாதா? உன் பொண்டாட்டிதான் வேணும்னே பண்றா!"

"மதி, எழுந்துரு. கெளம்பு."

அவள் எழுந்தாள். ஒரு கையில்தான் வளையல் ஏறியிருந்தது. அண்ணன் வாசலை மறித்தான். "இவ போனா என் தங்கச்சி இங்கதான் இருப்பா. உன் வூட்டுப் பொண்ணு உனக்கு, என் வூட்டுப் பொண்ணு எனக்கு. சரியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தராசில் எடைக்கல்லை மாற்றி வைப்பது மாதிரி யாருக்கும் அதில் அதிசயமே இல்லை. என் வீட்டுக்காரரும் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவளும் வருவாள், இவளும் வருவாள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"நீ இரு," என்றார். அவ்வளவுதான். தங்கையைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் திரும்பவில்லை. அவள் தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த இரண்டு சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாளே மாடி வேலை என் தலையில் விழுந்தது. "ஆள ஓட்டினவ நீதானே, நீயே குந்து," என்றான் அண்ணன். கதவைப் பூட்டவில்லை, காவல் போடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் தெருமுனையில் நின்று போகும்; ஹாரன் மாடிக்குக் கேட்கும். ஓடிப் போய் ஏறலாம். நான் அங்கே போய் இறங்கினால் அடுத்த பஸ்ஸில் அவளை இங்கே ஏற்றிவிடுவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு அவள் இந்த அண்டாவில் கையை விட வேண்டும். அதனால் ஒவ்வொரு பஸ்ஸையும் போக விட்டுவிட்டுத் தூளைக் கிளறிக்கொண்டிருந்தேன். என் கையும் சிவந்தது. அவள் சொன்னது நிஜம்தான், சோறு கசந்தது.

அடுத்த முறை தாவீது சாக்குகளோடு வந்தபோது அண்ணன் கீழே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். தாவீது ஒரு சாக்கை மட்டும் தனியாகத் தூக்கி வந்து என் காலடியில் வைத்தார். வாயில் நீலப் புடவைக் கரை.

"ஸ்ரீபெரும்புதூர்ல உங்க அண்ணிதான் குடுத்தாங்கம்மா. உங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னாங்க."

"எப்படி இருக்கா?"

"கை ஆறிக்கினு வருது. நல்லா சாப்புடறாங்க."

"அவரு?"

"கோபால் கடையில தூள் வாங்கறாரு. ஈரத் துண்டோட போறாராம், ஊரே சிரிக்குது. டீ வெளுப்பா கீதுன்னு பாதிப் பேரு பக்கத்துக் கடைக்குப் போயிட்டான். அங்க உங்க அண்ணன் பாக்கெட்தான்."

"என்னப் பத்தி எதுனா கேட்டாரா?"

தாவீது பேன்ட்டில் மாட்டியிருந்த சைக்கிள் கிளிப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். "நேரம் இல்லம்மா அவருக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கேட்கவில்லை. சரி.

முடிச்சை அவிழ்த்தேன். குப்பென்று கிருஷ்ணாயில் நாற்றம் மூக்கில் ஏறியது. தூள் முழுக்க ஊறியிருந்தது. ரேஷனில் வரிசையில் நின்று வாங்கி, சொட்டுச் சொட்டாகச் செலவு செய்யும் எண்ணெய். அதைச் சாக்கு நிறைய ஊற்றி, என் முடிச்சையே போட்டு, என் கைக்கே அனுப்பியிருக்கிறாள். நான் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு சத்தம் வராமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இதை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டால் ஒரு சாக்கோடு போயிற்று. எனக்கும் வம்பில்லை. ஆனால் நடு மாடியில் ரோட்டுக் கடைகள் அத்தனையின் தூளும் மலையாகக் குவிந்து கிடந்தது. சாக்கைத் தரதரவென்று இழுத்துப் போய்க் குவியலின் உச்சியில் கவிழ்த்தேன். புடவையைச் செருகிக்கொண்டு, முழங்கை வரை இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, அடி மேலாகப் புரட்டிக் கலந்தேன். அண்ணன் அடிப்பானா? அடிக்கட்டும். அவள் அவளுடைய அண்ணன் வீட்டில் இருக்கிறாள், நான் என் அண்ணன் வீட்டில். இங்கே எனக்கு விழும் அடிக்கு அங்கே அவளை அடிக்க ஆள் இல்லை. எங்களைக் கட்டிப் போட்ட சட்டத்தில் அந்த ஒரு ஓட்டையை, ஊரே சேர்ந்து யோசிக்காத ஓட்டையை, வயிற்றுப் பிள்ளைக்காரி கண்டுபிடித்திருக்கிறாள். அண்ணன் இதை வெளியே போய் யாரிடமும் சொல்லவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் பாதிப் படியில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடி இது நாத்தம்? குவியல்ல இன்னாத்தடி போட்ட?"

நான் கையை நிறுத்தவில்லை.

"ரோஜாச் செடிக்கு எரு, அண்ணா," என்றேன்.